18 கிலோ மாவடு வீணான கதை

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள் விடியற்காலை, குடியிருப்பில் யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால், 18 கிலோ மாவடுவை வாளி வாளியாகக் கீழே இறக்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். ஆறு நடை. வீட்டில் அன்று நான் மட்டும்தான். வீட்டுக்காரர் வேலை விஷயமாக ஓசூரில் இருந்தார், மகள் கல்லூரி விடுதியில். கடைசி வாளியைக் கவிழ்த்துவிட்டு மேலே வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மஞ்சள் போயிற்று, கடுகு நெடி இரண்டு நாளைக்குப் போகவில்லை. அழுகையாக வந்தது. பணம் போனது ஒரு பக்கம். அம்மா பெயரைச் சொல்லிப் போட்ட ஊறுகாய் இப்படி ஆயிற்றே என்பதுதான் தொண்டையை அடைத்தது. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. கேட்க ஆளில்லாமல் நானே தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை, வீட்டுச் சமையல் குறிப்பைக் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூடுவோம். ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவர வேண்டும், பிடித்திருந்தால் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கும்பகோணத்துக்காரர் ஒருவர் கடப்பா செய்வார், அதைத் தொட்டுக்கொள்ளவே நான் நாலு இட்லி கூடச் சாப்பிடுவேன். நாகர்கோவில் பக்கத்து அக்கா ஒருவரின் புளிசேரி வந்த பத்து நிமிஷத்தில் காலியாகிவிடும். நான் ஒருமுறை தயிர்சாதமும் வீட்டில் போட்ட மாவடுவும் கொண்டுபோனேன். இரண்டு கிலோ அளவில் போட்ட வடு அது, நன்றாக வந்திருந்தது. சுருங்கி, கடித்தால் நறுக்கென்று, அந்தத் தண்ணியைத் தயிர்சாதத்தில் ஊற்றிப் பிசைந்தால் வேறெதுவும் வேண்டாம் என்கிற மாதிரி. எல்லாரும் செய்முறை கேட்டார்கள். சொன்னேன். அப்புறம், ‘எங்களுக்கு எங்கே நேரம், நீங்களே போட்டுக் கொடுங்களேன், காசு கொடுத்துவிடுகிறோம்’ என்றார்கள். 14 வீடு, மொத்தம் 16 கிலோ. கிலோ 480 ரூபாய் என்று பேசி முழுப்பணமும் முன்னாலேயே வாங்கிக்கொண்டேன், 7,680 ரூபாய். முதல் தப்பு அதுதான். போடாத ஊறுகாய்க்குப் பணம் வாங்கக்கூடாது. வாங்கிய பணம் கையில் நிற்காது, தப்பு நேர்ந்தால் திருப்பிக் கொடுக்க வேறெங்காவது போய் நிற்க வேண்டும். எனக்குச் சீட்டுக்கு எடுத்துவைத்த பணம் போயிற்று.

அம்மாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, பாதிப் பக்கங்களில் எண்ணெய்க் கறை. மாவடுப் பக்கத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘வடு 2 படி. படிக்கு ஆழாக்கு கல்லுப்பு. மிளகாய்ப்பொடி, கடுகு, மஞ்சள். விளக்கெண்ணெய் கொஞ்சம். குலுக்கவும்.’ அம்மாவின் ஊர் நத்தம் பக்கம், மாந்தோப்புகள் நிறைந்த இடம். அங்கே மாசி பிறந்தால் எந்த வீட்டிலும் வடு ஊறும், யாருக்கும் அதை விளக்கி எழுதத் தேவை இருந்ததில்லை. அம்மா அந்த நோட்டைத் தனக்காகத்தான் எழுதினார். மறந்துவிடக்கூடியதை மட்டும் குறித்தார், கைக்குத் தெரிந்ததை விட்டுவிட்டார். நான் அந்த நாலு வரியை முழுச் செய்முறை என்று நினைத்தேன்.

முன்பு இரண்டு கிலோ போட்டபோது உப்பை அளக்கவே இல்லை. கண்ணுக்குப் பட்டதைப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டு, அப்படித்தான் செய்தேன். 18 கிலோ என்றதும் பயம் வந்தது, நோட்டைப் பார்த்துச் சரியாக அளந்து போட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சென்னையில் வடு கிலோவில் வாங்குகிறோம், நோட்டில் இருப்பதோ நிரப்பி அளக்கும் படியும், அதில் எட்டில் ஒரு பங்கான ஆழாக்கும். 1960-களிலேயே கிலோவும் லிட்டரும் கட்டாயமாகிவிட்டன. எங்கள் வீட்டு அடுக்களையை விட்டுப் படியும் ஆழாக்கும் போகவே இல்லை. தெருமுனை அரிசிக் கடையில், ‘ஒரு படி எத்தனை கிலோ?’ என்று கேட்டேன். ‘ஒன்றரை கிலோ’ என்றார். அப்படியானால் 18 கிலோ வடு 12 படி, 12 ஆழாக்கு உப்பு என்று கணக்குப் போட்டேன். அம்மாவின் பித்தளை ஆழாக்கு என்னிடமே இருந்தது. அதில் கல்லுப்பை அள்ளி, விரலால் தலை தட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணி 12 போட்டேன். கணக்கு சரியாக வந்துவிட்டதே என்று நிம்மதியாகவும் இருந்தது.

வடு வாங்கியது கோயம்பேட்டில், காலை ஐந்து மணிக்கு. கிலோ 230 வீதம் 4,140 ரூபாய், ஆட்டோவுக்கு 450. வடு வாங்கும்போது காம்பைப் பாருங்கள். கொஞ்சமாவது காம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் மரத்திலிருந்து பறித்தது. காம்பே இல்லாமல் அடிபட்டு ஒரு பக்கம் கறுத்திருந்தால் காற்றுக்கு உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கியது, அது ஊறும்போது முதலில் அழுகும். ஒன்றைக் கடித்துப் பார்க்கலாம், கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே கொட்டை கெட்டிப்படாமல் பல்லுக்குச் சுலபமாக அறுபட வேண்டும். நான் மேலே இருந்ததை மட்டும் பார்த்து வாங்கினேன். வீட்டில் கொட்டிப் பார்த்தால் மூட்டையின் அடியில் கால்வாசி உதிர்ந்த வடு. அதையாவது பொறுக்கித் தனியாக எடுத்திருக்கலாம். எடை குறைந்துவிடுமே, 16 கிலோ கொடுக்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவினேன்.

கழுவியதைத் துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். இரண்டு கிலோவுக்கு ஒரு துண்டு போதும், ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் காய்ந்துவிடும். 18 கிலோவுக்குக் கூடம் முழுக்கப் புடவை விரித்தும் இடம் பத்தவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேலே இருந்தது காய்ந்திருந்தது, அடியில் கை வைத்தால் ஈரம். இடுப்பு விட்டுப்போயிருந்தது, இனி என்னால் துடைக்க முடியாது என்று விளக்கெண்ணெயைத் தடவி, உப்போடு இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடினேன். பத்து மடங்கு செய்யும்போது சாமான்களைப் பத்தால் பெருக்கினால் போதும் என்று நினைக்கிறோம். இடம், வெயில், துணி, கை பலம் இவையும் பத்து மடங்கு வேண்டும், அவை கடையில் கிடைக்காது. வீட்டில் ஒரு நேரத்தில் எவ்வளவு காயவைக்க முடியுமோ அவ்வளவுதான் ஒரு நாளைக்குப் போட வேண்டும். நான் மூன்று நாளாகப் பிரித்து ஆறு ஆறு கிலோவாகப் போட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

‘குலுக்கவும்’ என்ற ஒரு வார்த்தைக்கும் அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. ஜாடியைத் தூக்கி, இரண்டு கையாலும் ஒரு சுற்றுச் சுற்றினால் அடியில் இறங்கிய உப்பு மேலே ஏறும். காலையும் மாலையும் அப்படிச் செய்ய வேண்டும். ஒன்பது கிலோ டிரம்மை எப்படிக் குலுக்குவது? மரக் கரண்டியை விட்டுக் கிளறினேன், அது பாதி ஆழம்கூடப் போகவில்லை. உப்பு கரைந்து அடியில் தங்கிவிட்டது. மேலே இருந்த வடு உப்பே படாமல் உலர்ந்து நின்றது. நாலாம் நாளுக்குள் வடு தண்ணீர் விட்டு அதிலேயே மூழ்கியிருக்க வேண்டும். முக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. இங்கே இன்னொரு தப்பு செய்தேன், இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தண்ணீர் பத்தவில்லை என்று காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை டிரம்முக்கு ஒரு சொம்பு ஊற்றினேன். காய்ச்சியதுதானே, கெடாது என்று நினைத்தேன். காய்ச்சினாலும் உப்பில்லாத தண்ணீர் உப்பில்லாத தண்ணீர்தான், இருந்த கொஞ்ச உப்பையும் அது நீர்த்துப்போகச் செய்துவிட்டது. மாவடுவுக்குத் தண்ணீர் பத்தவில்லை என்றால் உப்பு பத்தவில்லை அல்லது குலுக்கவில்லை என்று அர்த்தம். எந்த நிலையிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஐந்தாம் நாள் கடுகும் மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் அந்த உப்புத் தண்ணீரிலேயே குழைத்துச் சேர்த்தேன். வாசனை தூக்கலாக இருந்தது, நம்பிக்கையும் வந்தது. பதினோராம் நாள் ராத்திரி மூடியைத் திறந்தபோது மூக்குக்கு முதலில் எட்டியது புளித்த கள் மாதிரி ஒரு வாடை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை, பால் காய்ச்சி ஆறினால் படியுமே அப்படி. அதில் இரண்டு மூன்று இடத்தில் பச்சைப் புள்ளி. ஒரு வடுவை எடுத்து விரலுக்கு நடுவில் அழுத்தினேன், தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே கூழ். இன்னொன்றை எடுத்தேன், அதுவும். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து எடுத்தது மட்டும் கெட்டியாக இருந்தது. ஆடையை வழித்துப் போட்டுவிட்டு உப்பைக் கூட்டிச் சரிசெய்யலாமா என்று ஒரு மணி நேரம் அந்த டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசித்தேன். அடியில் இருந்ததைக் கழுவிப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்றுகூட மனசு போயிற்று. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் இருக்காது, தண்ணீருக்குள்ளும் இறங்கியிருக்கும். வாங்கியவர்களில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருந்தார். அவர் முகம் நினைவுக்கு வந்ததும் எழுந்து வாளியை எடுத்தேன்.

அன்றைக்கே 14 வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். கெட்டுவிட்டது, என் தப்பு, பணம் இதோ என்று. பெரும்பாலானவர்கள் ஆறுதலாகத்தான் பேசினார்கள். ஒருவர் மட்டும், ‘உங்கள் அம்மா செய்முறை என்று சொன்னீர்களே’ என்றார். அவர் சாதாரணமாகக் கேட்டது, எனக்கு அது பல நாள் உறுத்தியது. வடு, ஆட்டோ, உப்பு, பொடி வகை எல்லாம் சேர்த்து 5,370 ரூபாய் நஷ்டம். டிரம்மும் 32 பாட்டிலும் வாங்கிய 1,732 ரூபாய் தனி, அவை பரணில் இருக்கின்றன. இரண்டு வார உழைப்பு. அதற்கப்புறம் மூன்று மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

சித்திக்குப் போன் செய்யவே ஒரு மாதம் ஆயிற்று. அம்மாவின் தங்கை, மதுரையில் இருக்கிறார். சொன்னதும் திட்டவில்லை. முதலில் கேட்டது, ‘ஏத்தா, படின்னா எதை வச்சு அளந்த?’ அரிசிக் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். ‘அது அரிசிக்குத்தான்டி. அரிசி நெருங்கி உக்காரும். வடுவைப் போட்டா இண்டு இடுக்கெல்லாம் காத்துதானே’ என்றார். அடுத்த வாரம் சென்னைக்கு வந்தபோது பழைய இரும்புப் படியைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வடு சீசன் முடிந்திருந்தது. அதனால் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்த சின்ன வெங்காயத்தை நிரப்பித் தராசில் வைத்தோம், ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அரிசியை நிரப்பினோம், 1 கிலோ 430 கிராம். நான் 12 படி என்று நினைத்த வடு உண்மையில் 17 படிக்கு மேல். அப்புறம் ஆழாக்கை எடுத்து உப்பை அள்ளித் தலை தட்டினேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘உங்கம்மா என்னைக்கு உப்பைத் தலை தட்டி அளந்தா? பக்கத்து வீட்டுக்கு அரிசி கடன் குடுத்தாக்கூட கூம்பாத்தான் அளப்பா.’ தலை தட்டிய ஆழாக்கு 205 கிராம். கூம்பாக அள்ளியது 265. இரண்டு தப்பும் சேர்ந்து, கிலோவுக்கு ஏறத்தாழ கால் கிலோ விழ வேண்டிய உப்பு 137 கிராம்தான் விழுந்திருக்கிறது. கிட்டத்தட்ட பாதி.

அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் தராசும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சை அளவு புளி என்று எல்லாரும் எழுதுகிறோம். சித்தி உருட்டியதை நிறுத்தேன், 45 கிராம். நான் உருட்டியது 28. இரண்டுமே எலுமிச்சைதான், சித்தி நாட்டுத் தோட்டத்து எலுமிச்சையை நினைக்கிறார், நான் கடையில் பத்து ரூபாய்க்கு மூன்று கொடுக்கும் எலுமிச்சையை. பழைய புளியா புதுப்புளியா என்பது வேறு. பெருங்காயம் ஒரு துண்டு என்பதைத் தூளில் ஒரு சிட்டிகை என்று மாற்றுகிறோம், தூளில் பாதிக்கு மேல் மாவுதான், அது துண்டுக்கு ஈடாகாது. ‘பொன்னிறமாக’ என்றால் உளுந்துக்கு ஒரு நிறம், வெங்காயத்துக்கு இன்னொரு நிறம். செய்முறை கொடுப்பவர்கள் யாரும் வேண்டுமென்று எதையும் மறைப்பதில்லை. அவர்கள் கைக்குப் பழகிப்போனது அவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. அதனால் வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். எந்தப் பாத்திரத்தில் அளந்தீர்கள், கூம்பா தலை தட்டியா, எந்த மாதத்தில் செய்தீர்கள், எவ்வளவு செய்தீர்கள், கெடுகிறது என்றால் முதலில் எது மாறும். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். நன்றாக வருவதற்கான வழியை யாரும் சொல்வார்கள், கெட்டுப்போனதைப் பற்றி நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

முடிந்தால் அவர்கள் செய்யும்போதே பக்கத்தில் நின்று, அவர்கள் கை போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணத்தை நீட்டி வாங்கி நிறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும், நான் வாங்கியது 600 ரூபாய்க்குள். பெரியவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள். அம்மா உப்பு அள்ளிப் போடுவதை நான் முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூட அந்தக் கையைப் பிடித்து, கொஞ்சம் நில்லுங்கள், நிறுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதில்லை.

இந்த வருஷம் மாசிக் கடைசியில் ஒரே ஒரு கிலோ போட்டேன். உதிர்ந்ததைப் பொறுக்கித் தள்ளினேன், ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தேன். கல்லுப்பை ஒரு பகல் வெயிலில் காயவைத்து, அப்புறம் நிறுத்தேன். மூட்டையிலிருந்து எடுக்கும் உப்பில் ஈரம் இருக்கும், ஈரத்தோடு நிறுத்தால் உப்பு குறையும். ஒரு கிலோவுக்கு 250 கிராம், இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய், சித்தி கொடுத்த பீங்கான் ஜாடி. காலையும் மாலையும் குலுக்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தண்ணீர் வடுவை மூடியது, வாயில் வைத்தால் கரித்தது. கரிக்கத்தான் வேண்டும், வடு உப்பை இழுத்த பிறகுதான் சமனாகும். அப்புறம் மிளகாய்ப்பொடி 50 கிராம், கடுகுப்பொடி 25 கிராம், மஞ்சள் ஒரு ஸ்பூன். பன்னிரண்டு நாளில் தோல் சுருங்கி, கிழவி கன்னம் மாதிரி ஆயிற்று. அந்தச் சுருக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், நாள் கணக்கு வடுவுக்கு வடு மாறும். அடுத்து மூன்று கிலோ போட்டேன், அதுவும் நன்றாக வந்தது. ஆறுக்கு மேல் ஒரு தடவைக்குப் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். விற்பதாக இருந்தால் வீட்டில் செய்தாலும் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

போன மாதக் கூட்டத்துக்கு மாவடுவோடு மொட்டை மாடிக்குப் போனேன். பணம் வாங்காமல் 14 வீட்டுக்கும் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தேன், கூடவே செய்முறையை கிராமில் எழுதிய தாள். தாளின் பின்பக்கம் முழுக்க, கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்பதை எழுதியிருந்தேன். கர்ப்பிணியாக இருந்தவர் இடுப்பில் குழந்தையோடு வந்து வாங்கிக்கொண்டார்.

அம்மாவின் நோட்டில், அந்த நாலு வரிக்குக் கீழே பென்சிலால் ‘கூம்பு ஆழாக்கு, 265 கிராம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பக்கம் நார்த்தங்காய். அதில் ‘ஒரு பிடி உப்பு’ என்று இருக்கிறது. அம்மாவின் கை என் கையைவிடச் சின்னது என்கிறார் சித்தி. தன் கையும் அம்மா கையும் ஒரே அளவாம், வளையல் மாற்றிப் போட்டுக்கொள்வார்களாம். ஆடிக்கு அவர் வரும்போது தராசை எடுத்து வைக்க வேண்டும்.